சாவியில் தொங்கிய சாமிகள்

பயப்படாதே என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயப்படாமல் இருப்பது என் கையில் இருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்? மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில், அந்த இரண்டு மாதமும் என்னைப் பார்த்து அதைச் சொல்லாத ஆள் கிடையாது. என் மனைவி வயிற்றில் குழந்தையோடு உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். நான் வாசலில் நின்ற எங்கள் பழைய காரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

காரைப் பார்த்து என்ன பயம் என்று கேட்பீர்கள். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஏழாவது மாத ஸ்கேன் எடுத்தபோது, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் குழந்தை வரும் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். எப்போது வேண்டுமானாலும் ரத்தப்போக்கு வரலாம். வந்தால் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டுல வண்டி இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளை அங்கே படுக்கவைத்திருப்பார். இருக்கு என்று சொன்னதால் வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இரண்டு உயிர் இருந்தது.

ஆட்டோ கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சந்து முனையில் எந்நேரமும் நிற்கும். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் எங்களுக்கு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்தில் போயிருந்தது. அவள் ஆட்டோவில் போய்வந்த மறுநாள் அது நடந்தது. ஆட்டோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனாலும் அதன் பிறகு அவளை ஆட்டோவில் ஏற்ற எனக்கு மனசு வரவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் காரையே வாங்கினேன். என்னைவிட வயதில் கொஞ்சம்தான் சின்னது என்று என் மனைவி சொல்வாள்.

எனக்குக் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை. புகை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரமாகப் போவேன். அந்த மிஷினில் எங்கே அடைத்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கார் விஷயத்தில் நான் பூஜ்யம். சாவியைத் திருப்பினால் ஓட வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

முதல் தடவை அது என் காலை வாரியது தோப்பும்படியில் ஒரு பெட்ரோல் பங்க்கில். அவளை மாதாந்திரச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழி. பெட்ரோல் போட எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். போட்டு முடித்துச் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆனால் செல்ப் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும் மௌனம். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. பின் சீட்டில் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சாரமில்ல, பரவாயில்ல, அவசரப்படாதீங்க" என்றாள். அவளை இறக்கி நிற்க வைத்துவிட்டு, பங்க் ஆட்கள் தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். இன்றைக்குச் சோதனைக்குப் போகும் வழியில் நின்றது. அந்த நாளில் நின்றால்?

மறுநாள் காலையிலேயே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒர்க் ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். படகு எஞ்சினும் காரும் ஒன்றாகப் பார்க்கிற இடம். மேஸ்திரி என் வயதுக்காரர். வீட்டுச் சாவியெல்லாம் கோத்த கொத்தை நானே வைத்துக்கொண்டு, கார்ச் சாவியை மட்டும் உருவிக் கொடுத்தேன். வாங்கித் திருப்பினார். முதல் திருப்பிலேயே எடுத்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். எடுத்தது. மதியம் வரைக்கும் போகிறவன் வருகிறவன் எல்லாம் திருப்பிப் பார்த்தான். எல்லாருக்கும் எடுத்தது.

"சேட்டா, வண்டிக்கு ஒரு கம்ப்ளெய்ண்டும் இல்ல" என்றார் மேஸ்திரி.

"நேத்திக்கு எடுக்கலையே."

"எடுக்காதப்போ கொண்டு வாங்க. ஓடுற வண்டியில நான் எதைத் தேடுறது?"

எடுக்காத வண்டியை எப்படி இங்கே கொண்டுவருவது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் பல்வலி போய்விடுகிற கதைதான். ஆனால் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே வலி திரும்பி வந்தது. சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். பேச்சு மூச்சு இல்லை. நாலைந்து தரம் திருப்பிய பிறகு எடுத்தது.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வியாதி பிடித்தது. வண்டியை எப்போது அணைத்தாலும் உடனே ஒரு தரம் ஸ்டார்ட் செய்து, எடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். இறங்கிய பிறகு, இந்த இரண்டாவது தடவை அணைத்ததில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றும். திரும்ப ஏறுவேன். வேலைக்குப் போகும் முன்பும், வந்த பின்பும், சாயா குடித்த பின்பும் போய்ப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய்.

"இப்படியே போனா, மாசமா இருக்கறது காருன்னு நெனச்சுக்கப் போறாங்க தெருவுல" என்றாள் அவள், கட்டிலில் படுத்தபடி.

தெருவுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? எங்கள் சந்தில் ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் பத்து வீட்டில் கேட்கும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாட்டரி என்றார் ஒருவர். பாட்டரியை மாற்றினேன், பிரயோஜனமில்லை. கடல் பொங்கும் வேலியேற்றத்தின்போது உப்புத்தண்ணீர் சந்துக்குள் ஏறி வந்ததில் வயரெல்லாம் துருப்பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். படுத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் துடைத்தேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் என்கிற மாதிரி, எத்தனை பேர் சொன்னார்களோ அத்தனைக்கும் நான் குழம்பினேன்.

காரணம் தெரியாதவர்கள் சாமியைக் கொண்டுவந்தார்கள்.

முதலில் வந்தது என் அக்கா. பழனிக்குப் போய், என் மனைவி பெயருக்கு அர்ச்சனை செய்து, ஒரு வேல் வாங்கி வந்திருந்தாள். பித்தளையில் விரல் நீளத்துக்கு இருக்கும். அதை அவளே சாவி வளையத்தில் கோத்தாள். "இந்தா பாரு, அவ வண்டியில ஏறினா இது சாவியில இருக்கணும். எறக்கி வைக்கக் கூடாது. போன தடவை நாம ஒண்ணும் செய்யாம இருந்ததுக்குத்தான் அப்படி ஆச்சு" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் ஆணியாக இறங்கியது.

பிறகு பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, சந்துக்கே இத்தா. என் மனைவிக்குத் தினமும் ஏதாவது சமைத்துக் கொடுத்தனுப்புகிறவள். பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தோல் தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்து, "மோனே, இது வண்டியில கெடக்கட்டும்" என்று வளையத்தில் முடிந்தாள். எதிர்வீட்டுச் சேட்டன் மாதா படம் பதித்த கனமான ஒரு வட்டைக் கொண்டு வந்தார். என் மாமியார் கொடுங்கல்லூரிலிருந்து ஒரு வெள்ளிக் குழல் தகடு அனுப்பினாள். இரும்பு கூட இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, நானே ஒரு குதிரை லாடத்துண்டைத் தேடிப் பிடித்து மாட்டினேன். ஏற்கெனவே அதில் வீட்டுச் சாவியும், பீரோ சாவியும், கொசு மருந்து வைக்கும் ஸ்டோர் ரூமின் பெரிய பூட்டுச் சாவியும் இருந்தன. எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எந்தச் சாமி கை கொடுக்கும் என்று யார் கண்டது?

"மட்டாஞ்சேரியில இருக்கற எல்லாத் தெய்வமும் நம்ம வண்டிக்குத்தான் ட்யூட்டி" என்று சிரித்தாள் அவள்.

ஆனால் அவளும் பயந்துதான் இருந்தாள். ஒரு சாயங்காலம் நான் காரைச் சோதித்துவிட்டு உள்ளே வந்தபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "எடுத்துதா?" என்று கேட்டாள். எடுத்தது என்றேன். "நெஜமா?" என்றாள். நான் சோதிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும், உள்ளே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது, ஒரு குழியில் சக்கரம் இறங்கியதும் எஞ்சின் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து அணைந்தன. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனது அதுதான் முதல் தடவை. அன்று நான் தனியாகத்தான் போனேன். இருந்தும் பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை அணைக்கவில்லை.

நேராக ஒர்க் ஷாப்புக்குப் போனேன். எப்போதும்போல அங்கே வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சாவியை மட்டும் வளையத்திலிருந்து உருவி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, கொத்தை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மீன் நாற்றமும் ஆயிலுமாக இருக்கிற கையில் சாமியைக் கொடுக்கக் கூடாது என்பது அக்காவின் கண்டிப்பான உத்தரவு. என் மனைவி வண்டியில் இல்லாதபோது கழற்றினால் தோஷமில்லை என்று அதற்கு அக்காவே ஒரு விலக்கும் கொடுத்திருந்தாள்.

மேஸ்திரி இந்த முறை பானெட்டைத் திறந்து குனிந்தார். செல்ப் மோட்டாரின் முதுகில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு உருளை உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டி, "இதுதான் சோலினாய்டு" என்றார். "சாவியைத் திரிச்சா ஒரு சின்ன கரண்ட் இங்க வரும். அப்போ இது டிக்குன்னு இழுத்து, பாட்டரியிலேர்ந்து பெரிய கரண்டை மோட்டாருக்கு விடும். இது ஒட்டிக்கிட்டா மோட்டார் சுத்தாது." இரண்டு வயர் கட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்து, சோலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். பல்பு எரிந்தது, எஞ்சினும் எடுத்தது. பல தரம் திருப்பினோம். ஒவ்வொரு தரமும் எரிந்தது.

"பாத்தீங்களா? சாவியிலேர்ந்து இங்க வரைக்கும் எல்லாம் சரி. அப்போ சோலினாய்டுதான் இடைக்கிடைக்கு மக்கர் பண்ணுது. மாத்திடலாம்."

"பாலத்துல எஞ்சின் அணைஞ்சுதே?"

"அது குழியில விழுந்த குலுக்கம். பேடிக்கண்டா."

பயப்படாதே என்று மலையாளத்தில் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சோலினாய்டை மாற்றினார். அதோடு, இனி எடுக்காவிட்டால் காதைக் கொடுத்துக் கேளுங்கள் என்று ஒரு பாடமும் சொல்லி அனுப்பினார். ஒரே ஒரு 'டிக்' கேட்டுவிட்டு நின்றால் சோலினாய்டு அல்லது மோட்டார். 'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் பாட்டரி. ஒன்றுமே கேட்காவிட்டால், கரண்ட் அங்கே போய்ச் சேரவே இல்லை. நான் அதை மந்திரம்போல மனப்பாடம் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி சொன்னபடி கேட்டது. நான் சோதிப்பதைக்கூடக் கொஞ்சம் குறைத்தேன். அக்கா வந்து, வேலின் மகிமை என்றாள். நன்றிக்கு ஒரு சின்ன வெண்கல மணியையும் கோத்துவிட்டுப் போனாள்.

அது ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தால் வெள்ளை ஓட்டுத் தரையில் ரத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேகம்" என்றாள், அவ்வளவுதான்.

எப்படித் தூக்கினேன், எப்படிப் பின் சீட்டில் படுக்கவைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை. இத்தா ஓடி வந்து பின்னால் ஏறி, அவள் காலுக்கடியில் தலையணை வைத்தது நினைவிருக்கிறது. எதிர்வீட்டுச் சேட்டன் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது நினைவிருக்கிறது. நான் உட்கார்ந்து சாவியைச் செருகித் திருப்பினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. 'டிக்' இல்லை, 'டிக்டிக்டிக்' இல்லை. பின்னால் அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "முருகா" என்றேன். சேட்டன் ஜன்னலுக்கு வந்து, ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம், அங்கே பயங்கர பிளாக்காம் என்றார். "தள்ளட்டா?" என்று கேட்டார். தள்ளி ஸ்டார்ட் செய்தால் கிளட்சை விட்டதும் வண்டி எப்படி எகிறும் என்று எனக்குத் தெரியும். அவள் இருந்த நிலையில் அந்தக் குலுக்கல் கூடாது. வேண்டாம் என்று கத்தினேன்.

திருப்பிக்கொண்டே இருந்தேன். திருப்பித் திருப்பிக் கையை எடுத்தபோது, சாவிக்கொத்து ஊஞ்சல்போல ஆடி என் முழங்காலில் இடித்தது. அப்போது டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு சிமிட்டியது. கொத்து அந்தப் பக்கம் போனால் விளக்கு மங்கியது. இந்தப் பக்கம் வந்தால் பிரகாசித்தது. நான் அதையே பார்த்தேன். என் புகை மிஷினில் வயர் லூசாகிவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

சத்தமே இல்லை என்றால் கரண்ட் போய்ச் சேரவில்லை. சோலினாய்டு இல்லை. இங்கே, என் கைக்குப் பக்கத்திலேயே, சாவிக்குப் பின்னால் இருக்கிற ஸ்விட்சில்தான் கோளாறு. இத்தனை சாமியும் இரும்பும் பூட்டுச் சாவியும் சேர்ந்து அதை நாள் முழுக்கக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. ஒர்க் ஷாப்பில் நான் கொத்தைக் கழற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். அதனால்தான் அங்கே அவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் எடுத்தது.

இடது கையால் கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் திருப்பினேன். 'டிக்' என்றது, செல்ப் சுற்றியது, எஞ்சின் எடுத்தது. நான் மூச்சு விட்டுக் கியர் போடக் கையை எடுத்தேன். கொத்து தொப்பென்று தொங்கியது. எஞ்சின் செத்தது.

அப்போது வந்த பயம்தான் பயம். கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கொத்தோடு இந்த வண்டி பாலம் தாண்டாது. ஆனால் அவள் வண்டியில் இருக்கும்போது இறக்கக் கூடாது என்று அக்கா சொன்ன அந்த நேரம்தான் இது. இவ்வளவு நாளும் காத்ததே இதுதானோ என்னமோ. இதைக் கழற்றி, அதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், போன தடவை நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தோம், இந்தத் தடவை நீதான் கழற்றி எறிந்தாய் என்று என் மனசே என்னைக் கொல்லும். கொத்தைப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"என்னாச்சு?" என்றாள் பின்னாலிருந்து.

"கொத்து கனமா இருக்கு. அதான் எடுக்க மாட்டேங்குது. இதைக் கழட்டணும்." குரல் எனக்கே கேட்கவில்லை. "நீ உள்ள இருக்கும்போது..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "சாவியை உருவுங்க" என்றாள். "மத்ததை எங்கிட்ட குடுங்க. சாமிங்களை நான் புடிச்சுக்கறேன். நீங்க வண்டியைப் புடிங்க."

வளையத்தின் இடுக்கில் நகத்தை வைத்தேன், வழுக்கியது. பல்லால் கடித்துப் பிரித்தேன். சாவி தனியாக வந்தது. கொத்தைப் பின்னால் நீட்டினேன். அவள் விரல்கள் வந்து அதை வாங்கி மூடிக்கொண்டன. விரல் ஜில்லென்று இருந்தது. வெறும் சாவியைச் செருகித் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது.

தோப்பும்படிப் பாலம், நடுவில் ஐலண்ட் என்கிற தீவு, பிறகு எர்ணாகுளம். வழியெல்லாம் நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது சிமிட்டவே இல்லை. இத்தா பின்னால் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஓதிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் என் மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். "முழிச்சிருக்காளா?" என்று கேட்டேன். "கையை இறுக்கிப் பிடிச்சிருக்கா மோனே, நீ ஓட்டு" என்றாள் இத்தா. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மீதித் தூரத்தை ஓட்டினேன்.

அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அவளை எடுத்தார்கள். சீட்டெல்லாம் ரத்தம். நான் அவளோடு ஓடும்போது செக்யூரிட்டிச் சேட்டன் வண்டியை எடு எடு என்று பின்னால் கத்தினார். திரும்பி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீங்களே தள்ளி நிறுத்துங்க சேட்டா. ஆனா ஆஃப் மட்டும் பண்ணாதீங்க. தயவு பண்ணி ஆஃப் பண்ணாதீங்க." ரத்தம் வாங்கிவா என்று ஓடச் சொன்னால்? இங்கே முடியாது, வேறே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றால்? அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் வந்து, கசங்கிய காகிதத்தில் எதையோ சுற்றி என் கையில் வைத்தாள். "உள்ள இதெல்லாம் பாடில்ல, கொண்டு போகக் கூடாது. விடவே மாட்டேன்னு பிடிச்சிருந்தாங்க. மயக்க மருந்து குடுத்த பிறகுதான் கை விரிஞ்சுது" என்றாள். வேல், தாயத்து, மாதா, தகடு, லாடம், மணி, பூட்டுச் சாவி எல்லாம் அதில் இருந்தன. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்தான் கழற்றினேன், நான்தான் கழற்றினேன் என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தா பக்கத்தில் இருந்தாள். இந்தத் தடவை அவள் என்னைப் பயப்படாதே என்று சொல்லவில்லை.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஏற்றிக்கொண்டிருக்கிறோம், பிழைத்துவிட்டாள் என்றார். பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், நன்றாக அழுதது என்றார். "கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ரெண்டு பேரும் இல்ல" என்றும் சொன்னார். நான் அழுதேன். இத்தா என் முதுகைத் தட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

அவளைப் பார்க்க இன்னும் நேரமாகும் என்றார்கள். கீழே இறங்கி வந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. காரை ஒரு மரத்தடியில் ஓரமாக நிறுத்தியிருந்தார் செக்யூரிட்டிச் சேட்டன். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார்.

"சாவியைத் தொடவே இல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எந்து குட்டி?" என்று கேட்டார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் இருக்காங்க."

"எங்கில் இனி ஆஃப் ஆக்கிக்கூடே?" அப்படியானால் இனி அணைத்துவிடலாமே என்கிறார்.

கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். கொத்தைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வெறும் சாவி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். திரும்ப எடுக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை.